ஓடிய தூரமும் எழுதிய கணக்கும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஆரணியின் பட்டு வாணிகம் சற்றே மூச்சு வாங்கும். திருமண முகூர்த்தங்கள் இல்லாத மாதம் அது. ஆவணியில் விற்க வேண்டிய சேலைகள் தறிகளில் வளர்ந்துகொண்டிருக்க, ஜவுளிக் கடைகளிலிருந்து வரும் அவசர அழைப்புகள் மட்டும் குறைந்துபோகும். பட்டு வீடுகளில் கணக்குப் புத்தகங்களை விரித்து வைத்து உட்காருவதற்கு வாய்ப்பான காலம் அதுவே. வருமான வரி விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளும் அதையொட்டி நெருங்கிவிடும். நூல் வாங்கிய பட்டியல்கள், சாயக் கூலி, ஜரிகை விலை, நெசவுக் கூலி என்று ஒவ்வொன்றாகப் பேரேட்டில் ஏறும். இவற்றில் பெரிதாகக் கருத்து வேற்றுமை எழுவதில்லை. அது எழுவதெல்லாம் வாசலில் நிற்கும் காரைப் பற்றித்தான்.

அத்தகைய வீடுகள் சிலவற்றுக்கு மாலை வேளைகளில் கணக்கெழுதிக் கொடுப்பதை நாம் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். ஆடிட்டரிடம் போவதற்கு முன் ரசீதுகளை அடுக்கி, கூட்டி, கையளிப்பதோடு நம் வேலை முடிந்துவிடும். சிறிய வேலைதான். ஆயினும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாழ்க்கை அந்த ரசீதுகளின் வழியே நம் கண்முன் நடந்து போகும். "காருக்கு எவ்வளவு எழுதலாம்?" என்ற கேள்வி நம் காதில் விழாத ஆண்டு இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது வரிச் சட்டம் பற்றிய கேள்வி. சற்று நின்று எண்ணினால், நம் வாழ்வில் தொழில் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியாகவும் அது இருக்கிறது. அது குறித்துச் சில எண்ணங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணிக்கு அரிசியும் பட்டும் இரு கண்கள். அரிசி மூட்டை மூட்டையாக லாரியில் ஏறிப் போகும். பட்டு அப்படிப் போவதில்லை. எடையில் சிறியது, விலையில் பெரியது, ஈரமும் அழுக்கும் ஆகாதது. ஆகவே அது நம்பிக்கைக்குரியவர் கையோடுதான் பயணம் செய்யும். கருநாடகத்திலிருந்து வரும் பட்டு நூல் முறுக்கேறிச் சாயம் தோய்ந்து, சூரத்திலிருந்து வரும் ஜரிகையோடு சேர்ந்து, பாவாகவும் ஊடையாகவும் பிரிந்து, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற சுற்றூர்களின் தறிவீடுகளுக்குச் செல்கிறது. நெய்து முடிந்த சேலை மறுபடியும் ஆரணிக்கு வந்து, மடிப்புக் கட்டி, செய்யாறு வழியாக அறுபது கிலோமீட்டர் அளவில் உள்ள காஞ்சிபுரத்துக்கோ, அதற்கும் அப்பால் சென்னைத் தியாகராய நகருக்கோ போகிறது. ஒரு சேலை உடுத்துபவரின் தோளை அடையும் முன் எத்தனை சாலைகளைக் கடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், பட்டுத் தொழிலில் வண்டியும் தறியைப் போல ஒரு கருவி என்பது விளங்கும்.

வருமான வரிச் சட்டமும் அப்படித்தான் கண்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, தொழிற்சாதனம் என்பதற்கு விளக்கம் தரும்போது, கப்பல்கள், வாகனங்கள், புத்தகங்கள், அறிவியல் கருவிகள், அறுவை மருத்துவக் கருவிகள் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்தது. மருத்துவரின் கத்தியும், வழக்கறிஞரின் புத்தகமும், பட்டு வாணிகரின் காரும் அந்த வகையில் ஓரினம். அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு, முழுமையாகவும் தொழிலுக்கென்றே தனிப்படவும் செய்த செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தந்தது. சொந்தச் செலவை அதே மூச்சில் விலக்கியது. பழுது பார்ப்பதற்கும் காப்பீட்டுக்கும் 31-ஆம் பிரிவும், தேய்மானத்துக்கு 32-ஆம் பிரிவும் வழி செய்தன. சாதாரணக் காருக்கு, எஞ்சிய மதிப்பின்மேல் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் என்று விதிகள் வகுத்தன. வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகவே பயன்பட்டிருந்தால் அதில் பாதி கிடைக்கும்.

இந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1-ஐத் தன் தொடக்க நாளாகக் கொண்டது. பிரிவுகளின் எண்கள் மாறின. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று பலரையும் குழப்பி வந்த இரட்டைச் சொற்கள் போய், வரி ஆண்டு என்ற ஒரே சொல் வந்தது. ஆனால் தொழிற்செலவு வேறு, சொந்தச் செலவு வேறு என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது. 2017-இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும், பொதுவாக ஆள் ஏறும் காருக்குக் கட்டிய வரியை வணிகர் உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற இயலாது. பெட்ரோலோ அந்த வரிக்குள்ளேயே வரவில்லை. ஆகவே காருக்குக் கட்டிய வரி காரின் விலையோடு சேர்ந்து, தேய்மானக் கணக்கில்தான் மெல்ல மெல்லக் கரைய வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், எல்லாக் காரும் தொழிலுக்கு மட்டுமே ஓடுவதில்லை. திங்களன்று தறிவீடுகளுக்குப் போன அதே கார், புதனன்று பாட்டியை ஏற்றிக்கொண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறது, ஞாயிறன்று பிள்ளைகளோடு சாத்தனூர் அணைக்குப் போகிறது. பழைய சட்டத்தின் 38-ஆம் பிரிவு இந்த நிலையை முன்னரே கண்டு வைத்திருந்தது. முற்றிலும் தொழிலுக்கென்றே பயன்படாத சாதனத்துக்குரிய கழிவை, பயன்பாட்டுக்கு ஏற்ற நியாயமான பங்குக்குச் சுருக்க வேண்டும் என்றது. நியாயமான பங்கு என்ற அந்தச் சிறு தொடரில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது எத்தனை விழுக்காடு என்று சட்டம் சொல்லவில்லை. நிர்ணயிக்கும் அதிகாரத்தை வரி மதிப்பீட்டு அலுவலரிடம் தந்தது. ஆனால் காரில் அமர்ந்திருந்தவர் எதற்காகப் போனார் என்பதை அலுவலர் அறியார், ஆடிட்டரும் அறியார், கணக்கெழுதும் நாமும் அறியோம். போனவர் ஒருவரே அறிவார். ஆக, அவர் தமக்குத் தாமே சாட்சி சொல்ல வேண்டிய இடமாக இது அமைந்துவிடுகிறது.

பிற நாடுகளும் இந்த முடிச்சை அவிழ்க்க வெவ்வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில், வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டுபவர் இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று, கிலோமீட்டருக்கு இத்தனை காசு என்ற கணக்கு. 2024-25-ஆம் ஆண்டுக்கு அது 88 சென்ட். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல் அந்த வழியில் கோர இயலாது. மற்றொன்று குறிப்பேட்டு வழி. தொடர்ந்து 12 வாரங்கள் ஒவ்வொரு பயணத்தையும் எழுதி, அதில் தெரியும் விகிதத்தை ஆண்டுச் செலவு முழுமைக்கும் பொருத்திக்கொள்வது. நிலைமை மாறாத வரை அந்தக் குறிப்பேடு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். இங்கிலாந்தில் 2011-இல் வகுத்த அளவு, தொடக்கத்துப் 10,000 மைல்களுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்பது. அமெரிக்காவிலோ, 2017-இல் இயற்றப்பட்ட வரிச் சட்டம், முதலாளி திருப்பித் தராத பயணச் செலவைக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பை 2018 முதல் ஊழியர்களுள் பெரும்பாலோர்க்கு அடைத்துவிட்டது. சொந்தத் தொழில் செய்பவர்க்கு அது நின்றது. வழிகள் பல. எனினும் எல்லா நாட்டிலும் கேள்வி ஒன்றே: இந்தப் பயணம் எதற்காக?

அந்தக் கேள்வியின் கூர்மையைக் காட்டும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1952-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவானது அது. நியூசம் என்ற வழக்கறிஞருக்கு அலுவலகம் லண்டனில் இருந்தது. வீடு விப்ஸ்நேடு என்ற ஊரில். மாலையிலும் வார இறுதியிலும் வீட்டில் அமர்ந்து வழக்குக் கட்டுகளைப் படிப்பதால் வீடும் தம் தொழிலிடமே என்றும், ஆகவே இடைப்பட்ட பயணச் செலவைக் கழிக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்குக் கட்டைப் படிப்பதற்காக அவர் விப்ஸ்நேடுக்குப் போகவில்லை, தம் வீடு அங்கே இருந்ததால் போனார் என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்த நியாயத்தை ஆரணிக்குக் கொண்டுவந்தால் சற்றுத் தடுமாறும். இங்கே எத்தனையோ வீடுகளில் முன்கூடத்தில் பட்டு நிறுக்கும் தராசு இருக்கும். பின்கட்டில் உலை கொதிக்கும். சேலை கொண்டுவந்த நெசவாளி திண்ணையில் அமர்ந்திருக்கும்போதே பிள்ளை பள்ளிக்குப் புறப்படும். எது வீடு, எது தொழிலிடம்? ஆகவே வண்டி எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்பதில் இங்கே பயனில்லை. எதற்காகப் புறப்பட்டது என்றுதான் கேட்க வேண்டும்.

வாசகர்களுள் மாத ஊதியம் பெறுவோர் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்த வாய்ப்பும் இல்லை. அலுவல் பயணத்துக்கென முதலாளி தரும் படிகளுக்கு உரிய விலக்குகள் தவிர, ஊதியம் பெறுபவர் தம் கார்ச் செலவைக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ள நம் நாட்டில் இடமில்லை. 1974-இல் வந்த நிலைக்கழிவு 2005-இல் நீக்கப்பட்டு, 2018-இல் 40,000 ரூபாயாக மீண்டும் வந்தபோது, ஆண்டுக்கு 19,200 ரூபாய்ப் போக்குவரத்துப் படி விலக்கும், 15,000 ரூபாய் மருத்துவச் செலவு விலக்கும் பொதுவாக அதற்குள் கரைந்தன. காரில் போனாலும் பேருந்தில் போனாலும் எல்லார்க்கும் ஒரே தொகை.

சிறு வணிகர்க்கும் பழைய சட்டத்தின் 44-ஏடி பிரிவு ஓர் எளிய வழியைத் தந்தது. விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழியாகவும் மின்னணு முறையிலும் வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, வருமானமாக ஒப்புக்கொண்டால் போதும். விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாதவர்க்கு 2023-24 முதல் 3 கோடி. அந்த வழியில் போனவர், அதன் பிறகும் கார்ச் செலவைத் தனியே கழிக்கலாமா என்று நம்மிடம் கேட்பதுண்டு. இயலாது. எல்லாச் செலவும் அந்த உத்தேச வருமானத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். முழுக் கணக்கு வைத்து எழுதுபவர்க்கே பங்கு பிரிக்கும் கடமையும் உரிமையும் உண்டு.

அவர்களும் குறிப்பேடு வைக்கவில்லை என்றால் என்ன நடக்கும்? கணக்கு ஆய்வுக்கு எடுக்கப்படும்போது, ஐந்தில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோ சொந்தப் பயன்பாடு என்று அலுவலர் உத்தேசமாக வெட்டிவிடுவது நெடுங்கால வழக்கம். இந்த ஐந்தில் ஒன்று என்ற அளவு சட்டத்திலேயே ஒருமுறை ஏறியது. 2005-இல் நிறுவனங்கள்மீதும் கூட்டு வணிகங்கள்மீதும் விதிக்கப்பட்ட விளிம்புநலன் வரி, கார் ஓட்டப் பராமரிப்புச் செலவில் 20 விழுக்காட்டை ஊழியர் பெற்ற நலனாகக் கொண்டது; 2009-இல் அந்த வரி கைவிடப்பட்டது. அலுவலர் வெட்டியதை எதிர்த்துத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்குகள் ஏராளம். வெட்டு குறைந்த வழக்குகளும் உண்டு. ஆனால் ஓர் ஊகத்தை மற்றோர் ஊகத்தால் வெல்வது கடினம். மேலும், 2016-இல் சேர்க்கப்பட்ட 270-ஏ பிரிவு, சான்று எதுவும் காட்ட இயலாத செலவைக் கோருவதை, வருமானத்தைத் திரித்துக் காட்டும் செயல்களின் பட்டியலிலேயே வைத்தது. அதற்கான தண்டம், அந்த வகையில் குறைந்துபோன வரியைப் போல் இரு மடங்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டு வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அந்த வீட்டு முதலாளி இளமையில் தாமே தறியில் அமர்ந்து நெய்தவர். படிப்படியாக உயர்ந்து, பல தறிவீடுகளுக்குப் பாவு கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்தவர். வணிகவியல் படித்து முடித்த மகன் அப்போதுதான் தந்தையோடு தொழிலில் சேர்ந்திருந்தான். கார்க் கணக்குக்கு வந்தவுடன் மகன் சொன்னான்: "காரை முழுசாகத் தொழில் கணக்கிலேயே எழுதிவிடலாமே சார். ஊரில் எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?"

தந்தை தலையசைத்து மறுத்தார். "வேண்டாம்ப்பா. ஐந்தில் நாலு பங்கு எழுதட்டும். அதுதான் உண்மை. அதற்கு மேலே எழுதினால் மனசு ஒப்பாது."

இருவர் சொன்னதற்கும் ஆதாரம் இல்லை. ஒருவரிடம் ஊர் வழக்கம் இருந்தது. மற்றவரிடம் நல்ல மனம் இருந்தது. நாம் சொன்னோம்: "இரண்டும் ஊகந்தான் ஐயா. வருகிற ஆண்டு வண்டியையே கேட்டுவிடுவோம்."

"வண்டி எப்படிப் பேசும்?" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

"நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வண்டியில் போட்டு வைத்தால் பேசும்" என்றோம்.

ஏப்ரல் முதல் நாளிலிருந்து அந்த நோட்டு காரில் இருந்தது. தேதி, புறப்படும்போது கிலோமீட்டர், திரும்பும்போது கிலோமீட்டர், போன ஊர், போன காரியம் என்று ஐந்து பத்திகள். வேறு ஒன்றும் வேண்டியதில்லை. முதல் மாதம் மகன் எழுதுவதற்குச் சலித்துக்கொண்டான். தந்தை விடவில்லை. "தறியில் ஓர் இழை விட்டுப்போனால் சேலை முழுக்கத் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தார்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் நுட்பமான கேள்விகள் வந்தன. காஞ்சிபுரத்தில் சேலைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காகப் பத்து கிலோமீட்டர் சுற்றினால்? போய்வந்த வழி தொழிலுக்கு, சுற்றிய தூரம் வீட்டுக்கு என்று எழுதினார்கள். பாட்டியை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற நாளில், வழியில் ஒரு சாயக்காரரையும் பார்த்துவிட்டு வந்தார்கள். மகன் அதைத் தொழிற்பயணம் என்று எழுதப் போனான். தீர்ப்புச் சொன்னவர் அவன் தாயார். "ஆஸ்பத்திரிக்குத்தானே புறப்பட்டோம், அப்படியே எழுதுப்பா" என்றார். நீதிமன்றங்கள் பல பக்கங்களில் சொல்லும் நியாயத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பெரிய பழுதுபார்ப்புக் கட்டணத்தையும் டயர் விலையையும் ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே செலுத்தினார்கள். ஒரே நாளில் ஒருவர்க்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த தொழிற்செலவு கழிவுக்கு வராது என்பது சட்டம். 2017-க்கு முன் அந்த வரம்பு 20,000. பெட்ரோல் ரசீதுகள் ஓர் உறையில் சேர்ந்தன. வெப்பத்தாளில் அச்சான அந்த ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால், எண்களை அவ்வப்போது நோட்டிலேயே ஓரமாக எழுதிவைத்தார்கள்.

ஆண்டு முடிந்தது. முழு எண்களாக்கிச் சொல்கிறோம். வண்டி ஓடியது 18,000 கிலோமீட்டர். அதில் தொழிலுக்காக ஓடியது 10,800. அதாவது 60 விழுக்காடு. மகன் சொன்ன நூறும் இல்லை. தந்தை உண்மையென்று நம்பிய எண்பதும் இல்லை. பெட்ரோல் 1,20,000 ரூபாய், காப்பீடு 24,000, பழுதும் டயரும் 36,000, எட்டு லட்ச ரூபாய்க் காருக்குத் தேய்மானம் 1,20,000. ஆக மொத்தம் 3,00,000. அதில் 60 விழுக்காடான 1,80,000 ரூபாய் தொழிற்கணக்கில் ஏறியது. முழுவதையும் எழுதியிருந்தால் வருமானம் இன்னும் 1,20,000 குறைந்திருக்கும். 20 விழுக்காட்டுப் படியில் இருப்பவர்க்கு அதனால் மிஞ்சும் வரி 24,000. அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையையும் சேர்த்தால் 24,960. மகன் அந்த எண்ணையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு முகூர்த்தச் சேலை விலை சார்" என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது நேர்மையான ஒரு வரிக் கணக்கின் கதையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் அந்த நோட்டு, கேட்காத ஒன்றையும் சொன்னது. ஊர்வாரியாகப் பிரித்துக் கூட்டியபோது, தொழிற்பயணங்களில் பெரும்பகுதி காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் ஆனதாகத் தெரிந்தது. தேவிகாபுரமும் ஒண்ணுபுரமும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வந்தன. முதலாளி நம்பவில்லை. "வாரம் இரண்டு தரமாவது தறிவீடுகளுக்குப் போய்வருகிறேனே" என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மாதம் இரண்டு முறைக்கு மேல் எந்த மாதத்திலும் இல்லை.

அப்படியானால் பாவு எப்படிப் போனது? சேலைகள் எப்படி வந்தன? விடை எல்லார்க்கும் தெரிந்ததுதான். எவரும் எண்ணிப் பார்க்காதது. நெசவாளிகளே வந்தார்கள். பழைய டி.வி.எஸ். மொபெட்டில், வெள்ளைத் துணியில் சுற்றிய சேலையை முன்னால் வைத்துக்கொண்டு வந்தார்கள். புதுப் பாவை வாங்கிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் அவர்களுடையது. தறி நின்றுபோன அரை நாளும் அவர்களுடையது. அவர்கள் வண்டியில் குறிப்பேடு இல்லை, இருந்தாலும் பயனில்லை. கழிவு என்பது வரி கட்டுபவர்க்குத்தான் கழிவு. வரி கட்டும் அளவுக்கு வருவாய் இல்லாதவர்க்கு அது வெறும் செலவு. கூலியிலிருந்து நேராகக் குறைகிற செலவு.

பட்டு வீட்டின் கார் காஞ்சிபுரம் போவது தொழிற்பயணம் என்றால், அந்தச் சேலை முதலில் ஆரணி வந்து சேர்ந்ததும் தொழிற்பயணந்தானே? ஒரே தொழிலின் இரண்டு சாலைகளில் ஒன்றின் செலவு பேரேட்டில் ஏறுகிறது. மற்றொன்றின் செலவு எங்கும் எழுதப்படாமல் ஓர் ஏழை வீட்டின் அடுப்படியில் குறைகிறது. இதை நாம் சொல்லவில்லை. முதலாளியே இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ இதே பொருளில், நம்மிடம் சொன்னார். "நானும் சைக்கிளில் சேலை கொண்டுவந்து கொடுத்தவன்தான் சார். மறந்துபோச்சு" என்றார்.

அந்தத் தீபாவளியிலிருந்து, சேலை கொண்டுவரும் நெசவாளிக்குக் கூலியோடு ஒரு போக்குவரத்துப் படியும் தருவதென்று வைத்தார். பெரிய தொகை இல்லை. போய்வரும் பெட்ரோலுக்குப் போதுமானது. கூலியில் கலக்காமல் தனி வவுச்சர் போட்டுக் கையொப்பம் வாங்கினார். "ஒருவர் கொடுத்தால் ஊர் முழுக்கக் கேட்பார்கள்" என்று முணுமுணுத்த பட்டு வீடுகளும் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மகன் மட்டும் நம்மிடம் மெல்லக் கேட்டான்: "இதுவும் தொழிற்செலவுதானே சார்?"

"ஆமாம் தம்பி. இதில் பங்கு பிரிக்க வேண்டியதே இல்லை. முழுதும் கழியும்" என்றோம்.

முதல் வவுச்சரில் கையொப்பமிட்ட பெரியவர், இது எதற்கென்று கேட்டார். வந்துபோன பெட்ரோலுக்கு என்றதும் பணத்தை எண்ணி வேட்டி முனையில் முடிந்துகொண்டார். "முப்பது வருஷமா வந்துபோறேங்க. அதை யாரும் எழுதினதில்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

வரிக் கணக்கு என்றாலே அரசுக்கும் நமக்கும் இடையே நடக்கும் ஒரு வழக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எவ்வளவு குறைக்கலாம், எவ்வளவு மறைக்கலாம் என்பதே அங்கே பேச்சாகிவிடுகிறது. சட்டம் தந்த கழிவைக் கோருவதில் எந்த இழுக்கும் இல்லை. அது உழைப்பவர்க்குரிய உரிமை. ஒரு ரூபாயும் விடாமல் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் உரிமையின் எல்லையை அறிவதற்கு நம் அன்றாடத்தை நாம் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, நமக்கு எவ்வளவு உரியது என்பதோடு, பிறர்க்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதும் அதே பக்கத்தில் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லையோ என்று ஐயுறுகிறோம்.

இன்று கைப்பேசியில் உள்ள செயலி, ஓடிய தூரத்தையும் போன பாதையையும் தானே குறித்துத் தருகிறது. நல்ல வசதிதான். ஆயினும் போன காரியத்தை அது அறியாது. அந்த ஐந்தாவது பத்தியை மனிதரே எழுத வேண்டும். எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்று, எதற்காகப் போனோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிலுக்கெனக் கார் வைத்திருக்கும் வாசகர்கள், நாளைக்கே ஒரு நோட்டு வாங்கி வண்டியில் வையுங்கள். ஆண்டு முடிந்ததும் ஆடிட்டரிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நீங்களே படியுங்கள். அதில் எழுதியுள்ள பயணங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். எழுதப்படாமல் உங்கள் வாசலுக்கு வந்துபோன பயணங்கள் எவை என்றும் எண்ணிப் பாருங்கள்.